ஏரியில் மீன் செத்து மிதந்தால் முதலில் என்ன செய்வது

மீன் செத்து மிதப்பதைப் பார்த்ததும் "யாரோ விஷத்தைக் கலந்துட்டாங்க" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கும். எது என்று காட்டும் தடயம் சில மணி நேரத்தில் அழுகிவிடும் என்பதால், கரையைச் சுத்தம் செய்யும் முன்பே பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் நேரம். பாசி பகலில் ஆக்சிஜனை விடும், ராத்திரியில் அதுவே இழுத்துக்கொள்ளும், அதனால் விடியும் நேரத்தில்தான் தட்டுப்பாடு உச்சத்தில் இருக்கும். வெயில் காலத்தில் கேட்கவே வேண்டாம்: 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். 5-க்குக் கீழே இறங்கினால் பல மீன்கள் திணற ஆரம்பிக்கும், 2-க்குக் கீழே போனால் பெரும்பாலானவை தாங்காது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் இதுதான் விஷயம்.

அப்புறம், எந்த மீன் செத்திருக்கிறது? ஆக்சிஜன் குறைந்தால் பெரிய மீன்கள்தான் முதலில் போகும். காற்றை நேராகவே சுவாசிக்கும் விரால், தேளி எல்லாம் தப்பிவிடும். அவையும் குஞ்சுகளும் நத்தையும் சேர்ந்து பட்டப்பகலில் செத்தால் விஷத்தைச் சந்தேகிக்கலாம். ஒரே இனம் மட்டும் உடம்பில் புண்ணோடு நாள்கணக்கில் சாகிறதா, அது நோயாக இருக்கும்.

நேரம், இடம், இனம், தோராயமான எண்ணிக்கை எல்லாவற்றையும் குறித்து, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமான கண்ணாடி பாட்டிலில் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். செவுள் இன்னும் சிவப்பாக இருக்கும் மீனாகப் பார்த்து கையுறையோடு எடுத்து, அலுமினிய ஃபாயிலில் சுற்றி ஐஸில் வையுங்கள் (செவுள் வெளுத்து நாற ஆரம்பித்த மீனை வைத்து ஆய்வகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது). உடனே மீன்வளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். காரணம் தெரியும்வரை அந்த மீனை யாரும் சாப்பிடக் கூடாது, ஆடுமாடுகளையும் அங்கே தண்ணீருக்கு விடாதீர்கள்.

ஆக்சிஜன் பிரச்சினைதான் என்றால் பம்பு வைத்து ஏரித் தண்ணீரையே மேலே இறைத்துத் தெளித்து விழவிடலாம். பெரிய ஏரி முழுவதற்கும் இது போதாதுதான், ஆனால் ஒரு மூலையில் காற்று கிடைத்தாலும் மீன்கள் அங்கே வந்து ஒதுங்கும். தடயம் எடுத்தபின் செத்ததை எல்லாம் அள்ளி, ஏரியை விட்டுத் தள்ளிப் புதைத்துவிடுங்கள், அழுகினால் மிச்ச ஆக்சிஜனும் போய்விடும். சுண்ணாம்பை மட்டும் அளவில்லாமல் கொட்டாதீர்கள். காரத்தன்மை ஏறினால் அம்மோனியாவின் நச்சும் கூடும்.

வருமுன் காக்க, கையைத் தண்ணீருக்குள் செங்குத்தாக இறக்கிப் பாருங்கள். முழங்கை நனையும் முன்பே உள்ளங்கை மறைந்து, தண்ணீரும் பச்சையாக இருந்தால் பாசி மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். வயல் உரமும் சாக்கடையும்தான் அதற்குத் தீனி, எனவே கரையோரப் புல்லையும் நாணலையும் வெட்டாமல் விடுங்கள், வரும் சத்தில் ஒரு பகுதியை அவை தடுத்துக்கொள்ளும். களையை மருந்தடித்து ஒரேயடியாகக் கொல்வதும் ஆபத்து, அதுவும் அழுகி ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாக அகற்றுங்கள். நோய் தொற்றாமல் இருக்க, வேறு ஏரியில் போட்ட வலையையும் படகையும் கழுவி நன்றாகக் காயவைத்த பிறகே இங்கே இறக்குங்கள்.