ஃபிக்மாவில் ஓடுவதை பிரவுசரில் ஓட வைப்பது

ஃபிக்மா என்பது ஆப்பின் திரைகளை வரைந்து, ஓடுவது போலக் காட்டும் டிசைன் கருவி. ஒரு பல் கிளினிக்கின் அப்பாயின்ட்மென்ட் ஆப்புக்காக டிசைனர் அனுப்பிய ஃபிக்மா லிங்கைத் திறந்து ப்ளே பட்டனை அழுத்தினால் எல்லாம் ஓடுகிறது. தேதியைத் தொட்டால் நேரம் வருகிறது, நேரத்தைத் தொட்டால் பச்சை டிக் வருகிறது. அதைப் பார்க்கும் டாக்டர், "அதான் முடிஞ்சிருச்சே, அடுத்த வாரம் விட்டுரலாமா?" என்று கேட்கிறார். அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தத் திரையில் ஓடுவது ஒரே ஒரு நோயாளி, நல்ல நெட்டில், எதையும் தப்பாகத் தட்டாமல் போகும் பாதை. மற்ற பாதைகளை எல்லாம் நாம்தான் போட வேண்டும்.

கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் வெப் ஆப் செய்து கொடுப்பது என் தொழில். இந்தப் பல் கிளினிக் ஆப்பையே எடுத்துக்கொண்டு, நான் வேலை செய்யும் வரிசையைச் சொல்கிறேன்.

புரோகிராம் எழுதும் முன் டிசைனருடன் உட்காருங்கள். ஒவ்வொரு திரைக்கும் நான்கு கேள்விகள்: டேட்டா வந்துகொண்டிருக்கும்போது என்ன தெரியும்? ஒன்றுமே இல்லை என்றால் என்ன தெரியும்? நெட் போனால்? அளவுக்கு மீறி வந்தால்? "அண்ணா, காலி ஸ்லாட் இல்லாத நாளுக்குத் தனி ஸ்க்ரீன் தேவையா?" என்று கேட்பார்கள். தேவை. ஒரு டாக்டர் மட்டும் இருக்கும் கிளினிக்கில் அவர் லீவு போட்டால் அன்றைய திரை முழுக்க அதுதான். வெள்ளையாக விட்டால் நோயாளி ஆப் கெட்டுவிட்டது என்று நினைத்து போன் செய்வார். "அன்று டாக்டர் இல்லை, அடுத்த காலி நாள் வியாழன்" என்று ஒரு வரி போதும்.

அடுத்தது டேட்டாபேஸ். பலர் பட்டன், நிழல், அனிமேஷன் என்று ஆரம்பிப்பார்கள். நான் டேபிள்களில் ஆரம்பிப்பேன், ஏனென்றால் டிசைனில் எழுதாமல் விட்ட விதிகள் எல்லாம் அங்கேதான் வெளியே வரும். போன் நம்பரை வைத்து நோயாளியை அடையாளம் காணலாமா? கூடாது. நம் வீடுகளில் பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே நம்பர்தான். பெயருக்கு டிசைன் கிட்டில் (தயாராகக் கிடைக்கும் திரைப் பகுதிகளின் தொகுப்பில்) இருக்கும் முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற இரண்டு பெட்டிகளும் வேண்டாம். இனிஷியலோடு எழுதும் ஊரில் பெயர் என்று ஒரே பெட்டி போதும்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது 10:30 ஸ்லாட். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதைத் தட்டினால்? காலியா என்று பார்த்துவிட்டுப் பிறகு எழுதுவது போதாது, இரண்டு பேருக்குமே காலி என்று வரும். டாக்டர், தேதி, நேரம் மூன்றும் சேர்ந்து ஒரே முறைதான் வரலாம் என்ற யுனிக் விதியை டேபிளிலேயே வையுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் அந்த விதியை ஒரு இண்டெக்ஸாக வைத்து, அதற்கு ஒரு நிபந்தனையும் சேர்க்கலாம்: ரத்தான பதிவுகளைக் கணக்கில் எடுக்காதே. அது இல்லாவிட்டால் ஒருவர் ரத்து செய்த நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்க முடியாமல் போகும்.

அப்புறம் இன்னொரு சிக்கல். ஒரே ஆள் பட்டனை இரண்டு முறை தட்டினால் இரண்டாவது கோரிக்கை அந்த விதியில் முட்டி, "இந்த நேரம் போய்விட்டது" என்று காட்டும். எடுத்ததே அவர்தான்! அதனால் படிவம் திறக்கும்போதே ஒரு தனி அடையாள எண் உருவாக்கி கூடவே அனுப்புங்கள். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாக எழுதாமல், முன்பு பதிந்த அப்பாயின்ட்மென்டையே திருப்பிக் கொடுக்கட்டும். பட்டனை முடக்கி வைப்பதும் நல்லதுதான், ஆனால் நெட் விட்டு விட்டு வரும்போது அது மட்டும் காப்பாற்றாது.

தேதியிலும் இதே கவனம் வேண்டும். நோயாளி 15ஆம் தேதியைத் தொடுகிறார். பிரவுசரில் ஓடும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் அதை நம் ஊர் நேரப்படி 15ஆம் தேதி நள்ளிரவாக வைத்துக்கொள்கிறது. அதை ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்கும் ஐஎஸ்ஓ வடிவத்துக்கு மாற்றினால் உலகப் பொது நேரத்தில் 14ஆம் தேதி 18:30 ஆகிவிடும், நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம் அல்லவா. தேதிக்காக அதன் முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தால் அப்பாயின்ட்மென்ட் ஒரு நாள் முன்னால் போய் உட்காரும். ஒரே ஊரில் நடக்கும் அப்பாயின்ட்மென்டுக்கு நேர மண்டல மாற்றமே வேண்டாம். தேதியைத் தேதியாக, மணியை மணியாகத் தனித்தனியே சேமியுங்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் திரை. முதலில் ஒரே ஒரு பாதையை முழுசாகப் போடுங்கள்: அழகே இல்லாத படிவம், ஒரு சர்வர், ஒரு டேபிள், நிஜமான முகவரியில். அது ஓடட்டும். பிறகு ஃபிக்மாவின் நிறங்களையும் இடைவெளிகளையும் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) வேரியபிள்களாக எடுத்து எழுதுங்கள். ஃபிக்மாவில் டெவலப்பருக்கான டெவ் மோட் காட்டும் சிஎஸ்எஸ் வரிகளை அப்படியே ஒட்டாதீர்கள். டிசைனர் ஆட்டோ லேஅவுட் (உள்ளடக்கத்துக்கேற்ப அளவு மாறும் அமைப்பு) போடாத இடங்களில் அது 343 பிக்சல் என்று நிலையான அகலத்தைக் கொடுக்கும். அது அவர் வரைந்த போனின் அகலத்திலிருந்து வந்த எண், உங்கள் நோயாளியின் போனுக்குப் பொருந்தாது. சிஎஸ்எஸ்ஸில் பெட்டிகளை அடுக்கும் ஃப்ளெக்ஸ், கிரிட் கொண்டு நீங்களே அடுக்குங்கள்.

தமிழில் திரை வைப்பதாக இருந்தால் ஃபான்ட்டை முதலிலேயே பாருங்கள். டிசைனர்கள் விரும்பும் இன்டரிலும் பாப்பின்ஸிலும் தமிழ் எழுத்துகள் இல்லை. பிரவுசர் கையில் கிடைத்த வேறு ஃபான்ட்டைப் போட்டுவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர் போன்ற ஒன்றை டிசைனிலேயே வைக்கச் சொல்லுங்கள். வரி உயரம் 1.2 என்று இருந்தால் மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் இடிக்கும். நான் 1.6 வைப்பேன். பட்டனுக்கு அகலம் வைக்காமல் எழுத்தைச் சுற்றிய இடைவெளியான பேடிங் மட்டும் வைத்தால், "உறுதி செய்யவும்" உடையாமல் நிற்கும்.

பெயர்ப் பெட்டிக்கு எழுத்து வரம்பு வைக்கும்போதும் கவனம். கிருஷ்ணமூர்த்தி என்பது நமக்கு எட்டு எழுத்து, கம்ப்யூட்டர் கணக்கில் பதினைந்து. 20 என்று வரம்பு வைத்தால் ஒரு இனிஷியலையும் இன்னொரு சொல்லையும் சேர்த்ததும் பெயர் பாதியில் நின்றுவிடும். 100 வையுங்கள், எந்த நஷ்டமும் இல்லை.

படிவத்தில் சின்னச் சின்ன விஷயங்கள்: பட்டன், எச்டிஎம்எல்லின் பட்டன் டேகாகவே இருக்கட்டும், பொதுப் பெட்டியான டிவ் வேண்டாம். ஒவ்வொரு பெட்டிக்கும் நிஜமான லேபிள். எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் அந்தப் பெட்டியைத் தொட்டதும் திரையைப் பெரிதாக்கிவிடும். போன் நம்பருக்கு எண் கீபோர்டு வர வையுங்கள். வெளிர் சாம்பல் எழுத்து டிசைனில் அழகுதான், ஆனால் பின்னணியோடு 4.5:1 வேறுபாடு இல்லையென்றால் வயதானவர்களால் படிக்க முடியாது. இதில் டிசைனரோடு மல்லுக்கட்டலாம், தப்பே இல்லை.

குரோமின் டெவலப்பர் கருவியில் நெட் வேகத்தை 3ஜிக்கு இறக்கி முழுப் பதிவையும் செய்து பாருங்கள். நடுவில் ஆஃப்லைன் ஆக்குங்கள். பிறகு கிளினிக்குக்குப் போய் வரவேற்பில் இருக்கும் அக்காவிடம் போனைக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் கை தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டாயம் ஒன்று கேட்பார்: "தம்பி, போன்ல கேக்குறவங்களுக்கு நான் எங்க போடுறது?" டிசைனில் அந்தத் திரை பெரும்பாலும் இருக்காது, நோயாளிக்கானது மட்டும்தான் வரைந்திருப்பார்கள். அதையும் போடுங்கள். ஒரே பக்கத்தில் அன்றைய ஸ்லாட்டுகள், பெயர், நம்பர், சேமி. மவுஸைத் தொடாமல் டேப், என்டர் மட்டும் அடித்து முடிக்க முடிய வேண்டும், ஒரு கையில் ரிசீவர் இருக்கும்.