வடியவிட்டு நிறுத்திய சர்வர்

பெருங்குடி அலுவலகம், இரவு 11 மணி. 3 சர்வர்களில் இரண்டாவதைப் புதுப்பிக்க வேண்டும். முன்பெல்லாம், வரும் இணைப்புகளைச் சர்வர்களுக்குப் பகிர்ந்து அனுப்பும் மென்பொருளான ஹெச்ஏபிராக்சியின் அமைப்புக் கோப்பைத் திருத்தி மறுதொடக்கம் செய்வேன். இணைப்பு பாதியில் அறுந்துபோன வாடிக்கையாளர்களின் வசவு காலையில் வந்து சேரும்.

இம்முறை சோகேட் என்ற சிறு கருவி வழியாக, ஹெச்ஏபிராக்சி ஓடும்போதே கட்டளை வாங்கும் நிர்வாக சாக்கெட்டுக்கு ‘செட் சர்வர்’ கட்டளையை அனுப்பி, அந்த சர்வரின் நிலையை ‘டிரெயின்’ (வடியவிடு) என மாற்றப் பார்த்தேன். அனுமதி இல்லை என்று பதில் வந்தது. அமைப்புக் கோப்பின் சாக்கெட் வரியில் ‘லெவல் அட்மின்’ எழுதாமல் விட்டிருந்தேன். எழுதாவிட்டால் ‘ஆபரேட்டர்’ என்ற குறைந்த உரிமைதான். அதைச் சேர்த்து ரீலோட் செய்ததும் கட்டளை சத்தமில்லாமல் ஏறியது.

‘டிரெயின்’ நிலையில் முன்பு இதே சர்வருக்கு வந்ததைக் குறிக்கும் குக்கீயுடன் வரும் பழையவர்கள் மட்டும் உள்ளே வருவார்கள். புதியவர்கள் மற்ற சர்வர்களுக்குப் போவார்கள். ‘ஷோ ஸ்டாட்’ கட்டளை காட்டிய நடப்பு இணைப்புகள் 41, 17, 3 என வடிந்தன. கடைசி ஒன்று அடம்பிடித்தது. தெருமுனைக் கடை சாத்துவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன், பூஜ்யம். உடனே ‘மெயின்ட்’ (பராமரிப்பு) நிலை, வேலை முடிந்ததும் ‘ரெடி’ (தயார்).

இந்த மாற்றங்கள் நினைவகத்தில் மட்டுமே இருக்கும்; ரீலோட் செய்தால் பறந்துவிடும். இப்போது ரீலோடுக்கு முன் சர்வர்களின் நிலையைக் காட்டும் ‘ஷோ சர்வர்ஸ் ஸ்டேட்’ கட்டளையின் வெளியீட்டைக் கோப்பில் சேமித்து, தொடங்கும்போது ஹெச்ஏபிராக்சியை அதையே வாசிக்க வைத்திருக்கிறேன்.