டால்பின் அருகில் வந்தால் நீந்துபவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலில் நீந்துபவருக்குச் சற்றுத் தொலைவில் ஒரு முதுகுத்துடுப்பு எழுந்தால், முதலில் சுறாவோ என்று நெஞ்சு பதறுகிறது. டால்பின்தான் என்று தெரிந்த மறுகணமே அதை நோக்கி நீந்தத் தோன்றுகிறது. பதற்றத்தில் கைகால்களை அடித்து மூச்சை இழப்பது முதல் தவறு. டால்பினின் வால் கிடைமட்டமானது என்பதால் அது மேலும் கீழுமாக வளைந்து நீந்துகிறது. துடுப்பு எழுந்து, மூச்சுவிடும் ஓசையோடு மீண்டும் அமிழ்கிறது. சுறாவின் வால் செங்குத்தானது. அதன் துடுப்பு மேலே தெரியும்போது பெரும்பாலும் ஒரே உயரத்தில் நீரைக் கிழித்தபடி நகரும்.

அதைவிடப் பெரிய தவறு துரத்திச் செல்வது. நம் மீனவர்கள் ஓங்கில் என்று அழைக்கும் இவ்விலங்கு கரையோரம் தென்படும்போதெல்லாம் விளையாடத்தான் வந்திருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். ஹவாய்த் தீவுகளின் ஸ்பின்னர் டால்பின்கள் இரவு முழுவதும் ஆழ்கடலில் இரைதேடிவிட்டு, பகலில் ஆழம் குறைந்த விரிகுடாக்களுக்கு ஓய்வெடுக்க வருகின்றன. மூளையின் ஒரு பாதி உறங்க மறுபாதி விழித்திருப்பதால் உறக்கத்திலும் அவை மெல்ல நீந்திக்கொண்டே இருக்கும். பார்ப்பவருக்கு விழித்திருப்பதாகவே தோன்றும். நாள்தோறும் படகுகளிலும் நீந்தியும் வந்தவர்கள் அந்த ஓய்வைக் குலைத்ததனால்தான், கரையிலிருந்து இரண்டு கடல்மைலுக்குள் அவற்றை 50 கெஜத்துக்குள், அதாவது ஏறத்தாழ 45 மீட்டருக்குள், நெருங்குவதையும் அவற்றுடன் நீந்துவதையும் அமெரிக்க அரசு 2021-இல் தடைசெய்தது. துரத்துபவருக்கும் இதில் ஆபத்து உண்டு: டால்பினின் வேகத்துக்கு எந்த மனிதராலும் ஈடுகொடுக்க முடியாது என்பதால், அதன் பின்னால் போகிறவர் கரையிலிருந்து எவ்வளவு விலகிவிட்டோம் என்பதையும் நீரோட்டம் எப்பக்கம் இழுக்கிறது என்பதையும் மறந்து, திரும்பும்போது களைத்துப்போகிறார். இருந்த இடத்திலேயே மிதந்து, கரையில் ஓர் அடையாளத்தை அவ்வப்போது பார்த்துக்கொண்டு, வருவதா போவதா என்ற முடிவை டால்பினிடமே விட்டுவிட வேண்டும்.

அது தானாக நெருங்கி வந்தாலும் கையை நீட்டக்கூடாது. செல்பேசியை அதன் முகத்தருகே கொண்டுபோவதும் அப்படியே. அதன் தோலில் எளிதில் கீறல் விழும். தொற்று இரு பக்கமும் பரவக்கூடும். குட்டி தெரிந்தால் தாய்க்கும் குட்டிக்கும் நடுவே சிக்காமல் உடனே விலக வேண்டும். நியூசிலாந்தின் விதிகள் குட்டியுள்ள கூட்டத்தருகே நீந்துவதையே அனுமதிப்பதில்லை. தாடைகளைச் சடசடவென அடித்துக்கொள்வது, வாலால் நீரை ஓங்கி அறைவது, திடீரென முன்னால் பாய்வது ஆகியவற்றைப் பலர் வேடிக்கை என்று எண்ணிச் சிரிக்கின்றனர். அவை பெரும்பாலும் எச்சரிக்கைகள். தாடை அமைப்பினால் எப்போதும் சிரிப்பதுபோலத் தோன்றும் அந்த முகத்திலிருந்து சினத்தைப் படிக்க முடியாது. ஆகவே உடலசைவைத்தான் கவனிக்க வேண்டும்.

கூட்டத்தைப் பிரிந்து ஒரே கடற்கரையைச் சுற்றித் திரிந்து மனிதரைத் தானே நாடிவரும் தனி டால்பினிடம் எல்லோரும் மிகுதியாக ஏமாறுகிறார்கள். நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவதும் அதைப் பற்றித்தான். பிரான்சின் பிரித்தானிப் பகுதியில், அத்தகைய ஓர் ஆண் டால்பின் நீந்துபவர்களை மறித்ததனால், 2018 ஆகஸ்டில் லாண்டெவெனெக் ஊரின் மேயர் கடலில் நீந்தவே தடைவிதித்தார். ஜப்பானின் புக்குய் மாநிலக் கடற்கரைகளில் 2022 முதல் பலர் கடிபட்டனர். 2023-இல் மிஹாமாவில் ஒருவருக்கு விலா எலும்புகள் முறிந்தன. பிரேசிலில் 1994-இல் மக்கள் சூழ்ந்துகொண்டு துன்புறுத்திய ஒரு டால்பின் பலரைக் காயப்படுத்தியது, ஒருவர் இறந்தார். நூற்றைம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள உடல் மார்பில் மோதினால் அது விளையாட்டாக மோதியதா சினத்தில் மோதியதா என்பது விலா எலும்புக்குத் தெரியாது. அத்தகைய டால்பின் வந்தால், அது எவ்வளவு அன்பாகத் தோன்றினாலும், கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அதைப் பார்வையிலிருந்து விடாமல், அமைதியாகக் கரையேறுவதே சரி.

டால்பின் இருக்கும் இடத்தில் சுறா இராது என்ற நம்பிக்கையும் தவறானது. இரண்டும் ஒரே மீன்கூட்டத்தைத் தேடி வரக்கூடும். ஆஸ்திரேலியாவின் சார்க் விரிகுடாவில் ஆராயப்பட்ட வளர்ந்த டால்பின்களில் ஏறத்தாழ முக்கால்வாசியின் உடலில் சுறாக் கடித்த தழும்புகள் இருந்தன.

மீனை வீசி அழைப்பதை எந்த நிலையிலும் செய்யக்கூடாது. மனிதரிடம் இரை கிடைக்கும் என்று கற்ற டால்பின் படகுகளையும் தூண்டில்களையும் நெருங்கி அடிபடுகிறது. இந்தியாவில் இது சட்டச் சிக்கலும்கூட: 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் டால்பின்கள் உள்ளன, அச்சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் வரையறைக்குள் விலங்கை விரட்டுவதும் இரைகாட்டி இழுப்பதும் அடங்கும்.

கடிபட்டால், காயம் சிறிதாக இருந்தாலும் சோப்பும் நல்ல நீரும் கொண்டு கழுவிவிட்டு, கடித்தது கடல் பாலூட்டி என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கடல்வாழ் நுண்ணுயிரிகளுக்கேற்ற மருந்தை அவர் தேர்ந்தெடுக்க அது உதவும். தனி டால்பின் ஒன்று ஒரே கரையில் நாள்கணக்கில் சுற்றினால், இடத்தையும் நேரத்தையும் அது நடந்துகொண்ட விதத்தையும் வனத்துறைக்கோ கடலோரக் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். படம் எடுத்திருந்தால் துடுப்பின் விளிம்பு தெளிவாகத் தெரியும் படத்தைக் கொடுக்கலாம், ஏனெனில் அதிலுள்ள வெட்டுகளையும் தழும்புகளையும் வைத்தே ஒரு டால்பினை மற்றொன்றிலிருந்து ஆய்வாளர்கள் பிரித்தறிகிறார்கள்.