தோளைப் பார்த்து வாங்குங்கள், தோல் வழிக்கு வரும்

புதுச்சேரியில் லெதர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நடந்தால் காய்ச்சலா என்று கேட்பார்கள். இருந்தாலும் புல்லட்டில் ஊட்டிக்குப் போகிறவர், பெங்களூரில் வேலை கிடைத்தவர், பிரான்சில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்புகிறவர் என்று ஆளுக்கொரு காரணத்தோடு வாங்கத்தான் செய்கிறோம். அப்படி வாங்கும்போது பலரும் ஒரு சைஸ் கூடுதலாக எடுத்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான். 'வளர்கிற பிள்ளை' என்று யூனிஃபார்மைப் பெரிதாகத் தைத்த வீட்டில் வளர்ந்த புத்தி எங்கே போகும்? கடையில் 40 மார்பைப் பிடித்தது, 42 சொகுசாக இருந்தது. ஆறே மாதத்தில் அந்த 42, அண்ணன் சட்டையை இரவல் வாங்கிப் போட்டதுபோல் தொங்கியது.

தோல் நெய்த துணி இல்லை. ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நார்கள்தான் அது. உடம்புச் சூடும் லேசான ஈரமும் அழுத்தமும் சேர்ந்து விழும் இடத்தில் அந்த நார்கள் மெல்ல நகர்ந்து இடம் விடும். மார்பு, முதுகின் குறுக்குவாட்டு, முழங்கை, அக்குள் ஓரம் எல்லாம் இப்படி நெகிழும். தோள் தையல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஜாக்கெட்டின் உயரமும் அதிகமாகாது. உள்ளே இருக்கும் லைனிங் துணி அவ்வளவாக இளகாது என்பதால் நெகிழ்வுக்கும் ஒரு எல்லை உண்டு. ஜிப் ஏறவே மாட்டேன் என்றால் அது உங்கள் ஜாக்கெட் இல்லை.

ஆகவே கடையில் முதலில் தோளைப் பாருங்கள். தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். உள்ளே டி-ஷர்ட் மட்டும் போட்டு, ஜிப்பை மேலே வரை ஏற்றி, ஹாண்டில்பார் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் நீட்டுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். முதுகில் இழுப்பு தெரியலாம், மூச்சு முட்டக்கூடாது. கை நீளம் புதிதில் கட்டைவிரல் அடி வரை வருவது நல்லது. முழங்கையில் மடிப்பு விழ விழ ஒரு விரற்கடையாவது மேலே ஏறிவிடும். 'டெய்லரிடம் சரிசெய்துகொள்ளலாம்' என்ற எண்ணமும் வேண்டாம். பக்கவாட்டில் கொஞ்சம் பிடிக்கலாம், ஆனால் பிரித்து விட முடியாது. தோலில் ஊசி போன ஓட்டை மூடாது.

செம்மறியாட்டுத் தோல் சில நாளிலேயே பழகும். மாடு, எருமை என்றால் வாரக்கணக்கு, சிலசமயம் மாதக்கணக்கு. நாம் ரெக்சின் என்று சொல்லும் செயற்கைத் தோல் பழகவே பழகாது, கடற்கரை ஈரத்தில் உரிய ஆரம்பிக்கும். வெட்டிய ஓரத்தைப் புரட்டினால் அடியில் துணி தெரியும். அப்படித் தெரிந்தால் பொறுமையாகக் காத்திருந்து பயன் இல்லை.

பொறுமை இல்லாமல் செய்யும் குறுக்குவழிகள்தான் இன்னும் மோசம். தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொண்டால் உடம்புக்கு ஏற்றபடி ஆகிவிடும் என்பார்கள். சாயம் இறங்கும், உள்ளிருக்கும் எண்ணெய்ப்பசை போய் விறைக்கும். பிறகு வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காயவைத்தால் சுருங்கும். சூட்டில் சுருங்கிய தோல் திரும்பி வராது. மழையில் மாட்டிக்கொண்டால் துணியால் ஒற்றி எடுத்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் விட்டாலே போதும்.

அப்புறம் தேங்காய் எண்ணெய். நம் ஊரில் தலைவலிக்கும் அதுதான், கதவு கிறீச்சிட்டாலும் அதுதான். ஜாக்கெட்டுக்கு வேண்டாம். திட்டுத்திட்டாகக் கறுக்கும், கொஞ்ச நாளில் சிக்கு வாடை வீசும். ஷூ பாலிஷும் தடவாதீர்கள், சட்டைக் காலரில் ஒட்டும். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை, தோலுக்கென்றே விற்கும் கிரீமை விரல்நுனி அளவு தேய்த்தால் தாராளம்.

போட்டுப் பழக்குவதுதான் வழி. மார்கழி விடியலில் கடற்கரைச் சாலையில் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள். ஜாக்கெட்டோடு நடக்க அதைவிட நல்ல இடம் தெரியவில்லை. வேடிக்கை பார்ப்பார்கள், பரவாயில்லை. கூச்சமாக இருந்தால் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் போடுங்கள். வியர்வையோடு பீரோவில் மட்டும் வைக்காதீர்கள். உள்பக்கத்தைத் திருப்பி ஆற விட வேண்டும்.

பீரோ என்றதும் எனக்கு என் சொல்தா மாமா ஞாபகம்தான் வரும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், தன் பழைய மாட்டுத்தோல் ஜாக்கெட்டை எனக்குக் கொடுத்தார். அதைப் பாலித்தீன் உறைக்குள் கட்டி, கம்பி ஹாங்கரில் மாட்டிப் பூட்டினேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து திறந்தபோது முழுக்க வெள்ளைப் பூஞ்சை. தோளில் கம்பி முட்டிய இடம் கொம்புபோல் நின்றது. வாசலில் வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் ஆறவிட்டதில் பூஞ்சை போய்விட்டது. இப்போது பருத்தித் துணி மூடி, தடித்த மர ஹாங்கரில் தொங்குகிறது.

தோள் அளவு எனக்குக் கச்சிதம்தான். ஆனால் பழைய ஜாக்கெட் வாங்குகிறவர்கள் பார்க்கத் தவறும் ஒன்று உண்டு. மாமா நெடிய ஆள். அதன் முழங்கை மடிப்பு என் முழங்கைக்கு மூன்று விரல் கீழே கிடக்கிறது. எத்தனை மார்கழி நடந்தும் அது அவர் கை மடங்கிய இடத்தில்தான் மடங்குகிறது.