குட்டி லக்ஸரி எஸ்யூவி வாங்கப் போகிறீர்களா? முதலில் பின்சீட்டில் உட்காருங்கள்

அண்ணன் 50 லட்சம் ரூபாய் பட்ஜெட்டோடு குட்டி லக்ஸரி எஸ்யூவி தேட ஆரம்பித்தபோது வீட்டில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்தக் காசுக்குப் பெரிய டொயோட்டா ஃபார்ச்சூனரே வாங்கலாமே?" நியாயமான கேள்வி. அவர் பார்த்த பிஎம்டபிள்யூ எக்ஸ்1, ஆடி க்யூ3, மெர்சிடிஸ் ஜிஎல்ஏ மூன்றுமே நாலரை மீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடும் வண்டிகள். பக்கத்தில் ஒரு ஹூண்டாய் கிரெட்டாவை நிறுத்தினால் நீளத்தில் ஒரு சாண் வித்தியாசம்கூட வராது. அப்புறம் எதற்கு இரண்டு மடங்குக்கு மேல் பணம்?

அந்தப் பணம் வண்டி ஓடும் விதத்தில் இருக்கிறது. சஸ்பென்ஷன், பிரேக், 100 கிலோமீட்டர் வேகத்திலும் உள்ளே இருக்கும் அமைதி, கதவு சாத்தும்போது வரும் அந்தக் கனமான சத்தம். இவை உங்கள் முதுகுக்கும் காதுக்கும் தெரிகிறதா, உங்கள் தெருவில் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. தெரியவில்லை என்றால் நல்ல கொரியன் காரோ ஜப்பான் காரோ வாங்கிவிட்டு மிச்சத்தை வங்கியில் போடுங்கள், தப்பே இல்லை.

ஷோரூமுக்கு வீட்டில் இருக்கும் மூத்தவரைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். நாங்கள் அம்மாவை அழைத்துப் போனோம். எழுபது வயது, முழங்கால் வலி, எப்போதும் புடவை. சேல்ஸ் பையன் மேலே கண்ணாடிக் கூரையைத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தபோது, அம்மா பின்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்து, இன்னொரு காலைத் தூக்க முடியாமல் கதவின் மேல்பிடியைத் தேடிக்கொண்டிருந்தார். மூன்று வண்டிகளில் ஒன்று அந்த இடத்திலேயே பட்டியலிலிருந்து போய்விட்டது. எந்த விமர்சன வீடியோவும் இதைச் சொல்லியிருக்காது.

உட்கார்ந்து பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் டிரைவர் சீட்டை நீங்கள் ஓட்டும் நிலைக்குத் தள்ளி வையுங்கள், பிறகு அதே சீட்டுக்குப் பின்னால் போய் உட்காருங்கள். முழங்கால் இடிக்கிறதா என்பது மட்டுமல்ல, தொடைக்கும் சீட்டுக்கும் நடுவே உள்ளங்கை சுலபமாக நுழைகிறதா என்றும் பாருங்கள். நுழைந்தால் தொடைக்குத் தாங்கல் போதவில்லை, திருச்சி போய்ச் சேர்வதற்குள் கால் மரத்துவிடும். நடு சீட்டில் ஒருவரை உட்கார வையுங்கள், தரையில் இருக்கும் மேடு அவர் காலை எங்கே வைக்கவிடுகிறது என்று தெரிந்துவிடும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரமான வீல்பேஸ் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஜிஎல்ஏவுக்கு 2,729 மில்லிமீட்டர், எக்ஸ்1க்கு 2,692, க்யூ3க்கு 2,680 என்று தாளில் இருக்கும், ஆனால் சீட் எவ்வளவு நிமிர்ந்து இருக்கிறது, கூரை எங்கே இறங்குகிறது என்பதெல்லாம் அதில் வராது. பின்சீட்டுதான் உங்களுக்கு எல்லாம் என்றால், 2025 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த பிஎம்டபிள்யூவின் மின்சார ஐஎக்ஸ்1 நீட்டிக்கப்பட்ட வண்டி, வீல்பேஸ் 2,800. அதையும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் அபார்ட்மெண்ட் சங்கம் சார்ஜிங் பாயிண்ட் போட விடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டிக்கியின் தரையைத் தூக்கிப் பாருங்கள். சில வண்டிகளில் ஸ்டெப்னி டிக்கிக்குள்ளேயே படுத்திருக்கும், டிக்கியின் கொள்ளளவுக்குச் சொல்லும் லிட்டர் கணக்கெல்லாம் அதோடு போச்சு. ஸ்டெப்னியே இல்லாமல் ரன்ஃப்ளாட் டயர் கொடுத்தால், பஞ்சர் ஆன பிறகு பொதுவாக 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம். நகரத்தில் அது வரம். ராத்திரி பதினோரு மணிக்கு ஊருக்கு வெளியே மாட்டிக்கொண்டால் வேறு கதை, அந்த சைஸ் டயர் சின்ன ஊர்க் கடையில் கிடைக்காது.

சரி, டெஸ்ட் டிரைவ். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நாங்கள் போன ஒரு ஷோரூமில் வழவழவென்று இருந்த சர்வீஸ் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பச் சொன்னார்கள். அது டெஸ்ட் டிரைவ் இல்லை, பிரகாரம் சுற்றுவது. வண்டியை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள், பெரும்பாலும் அனுப்புவார்கள். நீங்கள் தினமும் போகும் வழியில், நீங்கள் போகும் நேரத்தில், வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுங்கள்.

ஓட்டும்போது பாட்டை நிறுத்திவிடுங்கள், நல்ல ஸ்பீக்கர் பாதிக் குறையை மறைத்துவிடும். உங்கள் தெரு முனையில் இருக்கும் அந்த மோசமான ஸ்பீட் பிரேக்கரில் நாலு பேரோடு ஏறுங்கள், அடி தட்டுகிறதா என்று கேளுங்கள். முப்பது நாற்பதில் போகும்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சின்னப் பள்ளத்தில் இறங்கட்டும்: உள்ளே 'டொப்' என்று ஒரு சத்தத்தோடு முடிகிறதா, ஸ்டீயரிங் வரை உதறுகிறதா? பெரிய அலாய் வீல் பார்க்க அழகுதான், ஆனால் டயரின் பக்கச்சுவர் ஒல்லியாகும்போது அந்த அடியை நீங்கள்தான் வாங்க வேண்டும். அப்புறம் பேஸ்மெண்ட் சரிவு. சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மெண்டில் சரிவு முடியும் இடத்தில் ஒரு முதுகு மாதிரி மேடு இருக்கும், அண்ணன் அங்கே இறங்கும்போது நான் கீழே குனிந்து உட்கார்ந்து வண்டியின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்த பார்வை மறக்காது.

நெரிசலில் ஊர்ந்து போய்ப் பார்ப்பது ரொம்ப முக்கியம். இந்த வண்டிகளில் பெரும்பாலும் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், அதாவது இரண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்யும் ஆட்டோமேட்டிக். திறந்த சாலையில் வெண்ணெய், ஆனால் பம்பருக்குப் பம்பர் நகரும்போது சிலவற்றில் லேசாக உதறும், பிரேக்கை விட்டதும் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கிளம்பும். கத்திப்பாரா மேம்பால ஏற்றத்தில் நின்று கிளம்பிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

நீங்கள் வாங்கப்போகும் அதே இஞ்சினைக் கேளுங்கள், டாப் மாடலைக் கொடுத்து மயக்க விடாதீர்கள். 2023ல் வந்த எக்ஸ்1 பெட்ரோலில் இருப்பது 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், 136 குதிரைத்திறன். 2022ல் வந்த க்யூ3யில் 2 லிட்டர், 190 குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் இழுவை. நிறுவனக் கணக்குப்படி நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட முன்னதற்கு 9.2 நொடி, பின்னதற்கு 7.3. அந்த இரண்டு நொடியை வேளச்சேரியில் எங்கே செலவழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது தெரியும். எஸ்யூவி என்ற பெயரை வைத்து எல்லாமே நாலு சக்கர இழுவை என்று நினைக்க வேண்டாம். பெட்ரோல் எக்ஸ்1, ஜிஎல்ஏ 200 இரண்டும் முன்சக்கர இழுவைதான். அதோடு, சிக்னலில் இஞ்சின் தானாக நின்று கிளம்பும்போது மூன்று சிலிண்டர் அதிர்வு சீட்டில் தெரிகிறதா என்று கவனியுங்கள். அண்ணனுக்குத் தெரியவே இல்லை, எனக்கு ஒவ்வொரு தடவையும் தெரிந்தது.

டீசல் ஆசை இருந்தால் உங்கள் ஓட்டத்தைக் கணக்குப் போடுங்கள். தினம் ஆறேழு கிலோமீட்டர் மட்டும் நெரிசலில் ஓடினால் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டருக்கு அதை எரித்துத் தள்ளும் சூடு வராது, அடைத்துக்கொள்ளும். வாராவாரம் ஊருக்குப் போகிறவருக்கு மட்டும் டீசல்.

தொடுதிரை. மதியம் ஒரு மணி வெயிலில் நின்ற வண்டியில் ஏறி, ஓட்டிக்கொண்டே ஏசி ஃபேனை ஏற்ற முயன்று பாருங்கள். எக்ஸ்1ல் ஏசி கட்டுப்பாடு திரைக்குள் போய்விட்டது, 2022ன் க்யூ3யில் தனி பட்டன்கள் உண்டு. ஷோரூமில் திரை பளபளவென்று இருக்கும். சாலையில் கண்ணை எடுக்காமல் விரலால் தடவிக் கண்டுபிடிக்கும் ஒரு திருகு பட்டனின் அருமை மே மாதத்தில்தான் தெரியும்.

இனி பணம். 2025 செப்டம்பர் 22 முதல் இந்தப் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், செஸ் என்ற கூடுதல் வரி கிடையாது; அதற்கு முன் இரண்டும் சேர்ந்து 50 வரை போனது. ஆகவே நண்பர் பழைய விலைப்பட்டியல் அனுப்பினால் ஒதுக்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் சாலை வரி 20 சதவீதம், 50 லட்ச வண்டிக்கு அதுவே பத்து லட்சம். பில்லில் ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வரி இருக்கும், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், பலர் மறந்துவிடுகிறார்கள். காப்பீட்டில் வண்டியின் மதிப்பு மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் 30 சதவீதம் கழிகிறது, ஐந்தாம் ஆண்டில் பாதி. இந்த மாதிரி வண்டிகளின் சந்தை விலை அதைவிட வேகமாக இறங்குவதும் உண்டு. இதனால்தான் மூன்று வருஷப் பழைய வண்டி பலருக்கு நல்ல பேரம். அப்படி வாங்கினால் 2023 ஏப்ரலுக்கு முன் தயாரானதா என்று பாருங்கள், இப்போது பங்கில் ஊற்றும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது ஏற்றதா என்று கையேட்டில் சரிபார்க்க வேண்டும்.

பேரம் பேசும்போது அடுத்த தலைமுறை வண்டி எப்போது என்று தெரிந்துவைத்திருங்கள். மூன்றாம் தலைமுறை க்யூ3 2025 ஜூனிலேயே உலகுக்குக் காட்டப்பட்டுவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் கடையில் நிற்கும் பழைய மாடலுக்கு முழு விலை கொடுத்தால் தப்பு உங்களுடையது.

சர்வீஸ் சென்டருக்கு நேரில் போங்கள், ஷோரூமுக்கு அல்ல. சனிக்கிழமை காலை வெளியே நிற்கும் ஓனர் ஒருவரிடம் "ஸ்பேர் வர எத்தனை நாள் ஆச்சு சார்?" என்று கேட்டால் போதும், கொட்டித் தீர்த்துவிடுவார். எக்ஸ்1 சிங்கப்பெருமாள்கோவில் பக்கத்து ஆலையில்தான் பூட்டப்படுகிறது என்பதால் பாகம் சீக்கிரம் வரும் என்று முடிவுகட்ட வேண்டாம், பூட்டுவது இங்கே என்றாலும் பல பாகங்கள் வெளிநாட்டிலிருந்துதான் வருகின்றன. முன்விளக்கு ஒன்றின் விலையையும் முன்கண்ணாடியின் விலையையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டில் இஞ்சின் பாதுகாப்பு சேர்ப்பைச் சென்னைக்காரர்கள் விடவே கூடாது. 2015, 2023 வெள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

டெலிவரிக்கு முந்தைய நாள், கூட்டம் இல்லாத நேரத்தில், யார்டுக்குப் போய் உங்கள் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டயரின் பக்கத்தில் நாலு எண் இருக்கும்: 3525 என்றால் 2025ன் 35ஆவது வாரம். ஐந்து டயரும் கிட்டத்தட்ட ஒரே காலமாக இருக்கட்டும். கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது, கதவு இடுக்குகள் இரண்டு பக்கமும் ஒரே அளவா, எல்லாக் கண்ணாடியிலும் ஒரே முத்திரையா என்று பொறுமையாகச் சுற்றி வாருங்கள். மறுநாள் மாலை போட்டு, போட்டோ எடுத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிய பிறகு, இதில் எதைக் கேட்டாலும் "சர்வீசுக்கு வரும்போது பார்த்துக்கலாம் சார்" என்றுதான் சொல்வார்கள்.