அடுத்த பாகத்தில் மல்டிபிளேயர்: வாங்குமுன் எடைபோடுவது எப்படி?

ஒரு வீடியோ கேமின் அடுத்த பாகத்தில் மல்டிபிளேயர் (பலர் இணையவழி சேர்ந்தோ எதிர்த்தோ விளையாடும் முறை) புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தால், அது முதல் பாகத்தின் உயிர்நாடியிலிருந்து பிறந்ததா என்று பாருங்கள். 2010இல் வந்த ‘அசாசின்ஸ் கிரீட்: பிரதர்ஹுட்’ இதற்கு நல்ல உரைகல்: ஒரே தோற்றம் கொண்ட பலர் நடமாடும் கூட்டத்தில், பதறி ஓடாமல், தன்னைத் தேடிவருபவரிடமிருந்து தப்பியபடியே தன் இலக்கையும் அடையாளம் காண வேண்டியிருப்பதால், கூட்டத்தில் கரைந்து மறையும் அத்தொடரின் கலை இன்னும் கூர்மையாகிறது. அதே ஆண்டின் ‘பயோஷாக் 2’ மல்டிபிளேயரை வேறொரு நிறுவனம் உருவாக்கியது. 2016 மறுபதிப்பில் அது இடம்பெறவே இல்லை. ஆகவே, கதைப்பகுதி மட்டுமே கொடுக்கும் விலைக்குத் தகுமா என்று கணக்கிடுங்கள். மல்டிபிளேயரை இயக்கும் சர்வர் மூடப்பட்டபின் எஞ்சுவது அதுதான். 2012இல் ‘மாஸ் எஃபெக்ட் 3’ செய்ததைப் போல, கதையின் முடிவை மல்டிபிளேயருடன் பிணைப்பதை நான் ஏற்கமாட்டேன். அத்தகைய கேமை வாங்குமுன், தனியாக விளையாடியே எல்லா முடிவுகளையும் எட்ட முடியுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.