தமிழில் கட்டுரை எழுதி நிலையான வருமானம் பெறுவது எப்படி? கொழும்பிலிருந்து தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

இணையத்தில் கட்டுரை எழுதிப் பணம் ஈட்டுவது பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலோ இந்தியாவிலோ வாழ்பவரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. கொழும்பிலிருந்து தமிழில் எழுதத் தொடங்குபவர் அவற்றை அப்படியே பின்பற்றினால், நல்ல கட்டுரைகளை எழுதி முடித்த பிறகுதான் அந்தத் தளத்திலிருந்து இலங்கைக்குப் பணம் வர வழியில்லை என்பதை அறிய நேரும். ஆகவே இந்த விளக்கத்தைப் பணம் வந்து சேரும் வழியிலிருந்து தொடங்குகிறேன்.

முதற்படி: பணம் வரும் வழியை உறுதிசெய்தல்

எழுத்தாளர்கள் சந்தாவுக்கு எழுதும் சப்ஸ்டாக் தளத்தில் வாசகர்கள் செலுத்தும் தொகை ஸ்ட்ரைப் என்ற கட்டண நிறுவனத்தின் ஊடாகவே எழுத்தாளரை அடைகிறது. ஸ்ட்ரைப் இலங்கையில் கணக்குத் திறக்க இடமளிக்காததால், இங்கிருப்பவர் அங்கே இலவசமாக எழுதலாமே தவிரச் சந்தா வசூலிக்க முடியாது. மீடியம் தளம், மாதச் சந்தா செலுத்தும் உறுப்பினர்கள் ஒரு கட்டுரையை வாசிக்கச் செலவிடும் நேரம் முதலியவற்றைக் கொண்டு எழுத்தாளருக்குரிய தொகையைக் கணக்கிடுகிறது. அந்த உறுப்பினர்கள் பெரும்பாலும் ஆங்கில வாசகர்கள் என்பதால், ஆங்கிலத்தில் எழுதுபவர் அதன் நாட்டுப் பட்டியலைப் பார்த்துவிட்டு இணையலாம். தமிழில் எழுதுபவருக்கு அது பொருந்தாது.

தமிழில் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது கூகுளின் பிளாகர் தளத்தையும், வலைப்பதிவில் விளம்பரம் காட்டி அதன் வருமானத்தில் எழுத்தாளருக்குப் பங்கு தரும் ஆட்சென்ஸ் திட்டத்தையும்தான். பிளாகர் 1999 இல் தொடங்கப்பட்டு, 2003 இல் கூகுளின் கைக்கு வந்த இலவசத் தளம். ஆட்சென்ஸ் 2018 பெப்ரவரியில்தான் தமிழை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் பல ஆண்டுகள் அருமையாக எழுதிய தமிழ் வலைப்பதிவர்கள் பலருக்கு எழுத்தால் ஒரு சதமும் கிடைக்காமல் போனதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது. இப்போது அந்தத் தடை இல்லை. ஈட்டிய தொகை வயர் டிரான்ஸ்ஃபர் முறையில் இலங்கையிலுள்ள உங்கள் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வரும்.

வங்கிக்குச் சென்று மூன்று விடயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: வங்கியின் சுவிஃப்ட் குறியீடு (வெளிநாட்டுப் பணமாற்றில் வங்கியை அடையாளங்காட்டுவது), கிளையின் குறியீடு, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு அவர்கள் அறவிடும் கட்டணம். டொலராகவே வைத்திருக்க விரும்பினால் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு திறப்பது பற்றியும் கேட்கலாம். 2022 இல் ஒரு டொலர் இருநூறு ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் முந்நூற்றைம்பதைத் தாண்டியதைக் கண்டவர்களுக்கு இதன் பயனை விளக்க வேண்டியதில்லை.

பெயர் விடயத்தில் மிகுந்த கவனம் தேவை. நம்மவர்களின் வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்துகளோடு ஒரு பெயரும், தேசிய அடையாள அட்டையில் தந்தையின் பெயர் முழுமையாக விரிந்து இன்னொரு பெயரும் இருப்பது வழக்கம். ஆட்சென்ஸ் படிவமோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகளைத் தருகிறது. ஆட்சென்ஸில் நீங்கள் கொடுக்கும் பெயரும், பணம் பெறும் வங்கிக் கணக்கிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இல்லையெனில் வந்த பணம் திரும்பிப் போகக்கூடும்.

இரண்டாம் படி: எதை எழுதுவது?

வருமானம் நிலையாக இருக்குமா என்பதை இந்தப் படிதான் தீர்மானிக்கிறது. செய்தியை ஒட்டி எழுதும் கட்டுரைக்கு இரண்டு நாட்கள் வாசகர் கூடுவர். மூன்றாம் நாள் அதைத் தேடுவார் இல்லை. வீரகேசரியும் தினகரனும் போன்ற நாளிதழ்களுக்கு அந்த வேலையைச் செய்ய ஆசிரியர் குழுக்கள் இருக்கின்றன. தனியாக எழுதும் ஒருவர் அவற்றோடு போட்டியிடுவது வீண். ஆண்டு முழுவதும் யாரோ ஒருவருக்குத் தேவைப்படும் தகவலை, தமிழில் வேறெங்கும் அவ்வளவு தெளிவாகக் கிடைக்காத அளவுக்கு எழுதி வைப்பதே தனி எழுத்தாளரின் பலம்.

கொழும்பில் வாழும் தமிழருக்கு இத்தகைய தகவல் பஞ்சம் ஏராளமாக உண்டு. பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் கடவுச்சீட்டுப் பெறும் நடைமுறை, பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பெறுதல், கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ரயில்களுக்கு ஆசனம் பதிவுசெய்தல், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்தல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கட்டுரைக்கு உரியது. இவற்றைத் தேடுவோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மட்டும் இல்லை. ஊரிலுள்ள பெற்றோருக்கு ஒரு பத்திரம் எடுத்துக்கொடுக்க வேண்டிய பிள்ளைகள் டொரொன்டோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். அந்த நாடுகளிலிருந்து வரும் பார்வைக்கு விளம்பரதாரர் கொடுக்கும் விலையும் பொதுவாக இலங்கைப் பார்வைக்குக் கொடுப்பதைவிட அதிகம்.

தலைப்புகளைத் தேடக் கூகுளின் தேடற்பெட்டியே போதும். ஒரு சொல்லைத் தமிழில் தட்டச்சு செய்யத் தொடங்கினால் கீழே விரியும் பரிந்துரைகள், மக்கள் உண்மையில் என்ன கேட்கிறார்கள் என்பதைக் காட்டும். அந்தக் கேள்விக்கு முதற்பக்கத்தில் வரும் பதில்களை வாசியுங்கள். அவை பழையனவாகவோ தமிழ்நாட்டு நடைமுறையைச் சொல்வனவாகவோ இருந்தால், எழுத வேண்டிய தலைப்பு கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

மூன்றாம் படி: கட்டுரையை எழுதுதல்

சாரதி அனுமதிப்பத்திரம் பற்றிய கட்டுரையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தொடக்கக்காரர் பலர் எழுதும் முதல் வரி இப்படி இருக்கும்: “இன்றைய அவசர உலகில் வாகனம் என்பது ஒவ்வொருவரின் வாழ்விலும் இன்றியமையாததாகிவிட்டது.” இந்த வரியை வாசிப்பவருக்குத் தெரியாத எதுவும் அதில் இல்லை. அதே கட்டுரையை இப்படித் தொடங்கலாம்: “கொழும்பில் வசிப்பவர் புதிய சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு முதலில் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் மருத்துவச் சான்றிதழ் பெற வேண்டும், அது நுகேகொடையில் உள்ளது. அதன் பின்னர் செல்ல வேண்டிய இடம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வேரஹெர அலுவலகம். அதன் நாரஹேன்பிட்டி அலுவலகம் வாகனப் பதிவுக்கு உரியது.” மூன்றே வரிகளில் வாசகருக்கு ஒரு வீண் பயணம் மிச்சமாகிறது. அப்படிப் பயன்பெற்றவர் கட்டுரையை மூடாமல் வாசிப்பார், நண்பருக்கும் அனுப்புவார்.

அதன்பின் தேவையான ஆவணங்கள், கட்டணம், நடைமுறையின் வரிசை, பொதுவாக ஏற்படும் சிக்கல்கள் என்று எழுதிச் செல்லுங்கள். கட்டணம் போன்ற மாறக்கூடிய விபரங்களைத் திணைக்களத்தின் தளத்திலோ நேரிலோ சரிபார்த்த பின்னரே எழுத வேண்டும். எந்த மாதம் சரிபார்த்தீர்கள் என்பதையும் கட்டுரையிலேயே குறிப்பிடுங்கள். நேரில் சென்று வந்தவர் எழுதும் கட்டுரைக்கு ஈடே இல்லை. எந்த வாசலில் வரிசை நிற்கிறது, எந்தப் பிரதிக்கு இருபுறமும் வேண்டும் என்பன போன்ற விபரங்கள் வேறெந்த வழியிலும் கிடைக்காதவை.

பிறர் எழுதியதை எடுத்து ஒட்டுவதோ, ஆங்கிலக் கட்டுரையை அனுமதியின்றி மொழிபெயர்த்து இடுவதோ கூடாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி மொழிபெயர்க்கும் உரிமையும் மூல ஆசிரியருக்கே உரியது. இயந்திரத்தைக் கொண்டு நூற்றுக்கணக்கில் உற்பத்தி செய்யும் கட்டுரைகளும் பயன்தரா. தேடல் முடிவுகளைக் குறிவைத்து மொத்தமாக உருவாக்கப்படும் பயனற்ற பக்கங்களை 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில் வெளிப்படையாகவே தடைசெய்தது.

நான்காம் படி: பிளாகரில் வெளியிடுதல்

ஜிமெயில் கணக்கால் பிளாகருக்குள் நுழைந்து வலைப்பதிவைத் தொடங்குவது சில நிமிட வேலை. அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆனால் புதியவர்கள் கவனிக்காமல் விடும் இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது எழுத்துரு. இலங்கையில் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி எழுத்துரு இன்னும் பரவலாகப் பயன்படுகிறது. பாமினியில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டினால் வாசகரின் திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும்; கூகுளாலும் அதைத் தமிழாக அறிய முடியாது. எனவே எல்லாக் கருவிகளிலும் தமிழாகவே தோன்றும் ஒருங்குறியிலேயே (யுனிகோட்) தட்டச்சு செய்யுங்கள். பாமினிக்குப் பழகிய கைகளுக்கு, ஒருங்குறியில் எழுத உதவும் ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு எளிதாக வசப்படும். கையில் பழைய பாமினிக் கோப்புகள் இருந்தால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளால் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, ஒருமுறை முழுமையாக மெய்ப்புப் பார்த்த பின் இடுங்கள்.

இரண்டாவது இணைப்பு முகவரி. தலைப்பு முழுவதும் தமிழில் இருந்தால் பிளாகரால் அதைக்கொண்டு முகவரி அமைக்க முடிவதில்லை. “பிளாக்-போஸ்ட்” என்ற பொதுப்பெயரோடு ஓர் இலக்கத்தைச் சேர்த்துவிடும். வெளியிடுவதற்கு முன்னர், வலப்பக்க அமைப்புகளில் நிரந்தர இணைப்பு என்ற பகுதியைத் திறந்து, கட்டுரையின் பொருளை உணர்த்தும் இரண்டு மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் இடைக்கோடிட்டு நீங்களே கொடுங்கள். வெளியிட்ட பின்னர் முகவரியை மாற்றினால் ஏற்கெனவே பகிரப்பட்ட இணைப்புகள் செயலிழந்துவிடும் என்பதால் இதைத் தொடக்கத்திலேயே செய்ய வேண்டும்.

பத்துப் பதினைந்து கட்டுரைகள் சேர்ந்ததும், உங்களைப் பற்றிய பக்கம், தொடர்புப் பக்கம், தனியுரிமைக் கொள்கை ஆகியவற்றைச் சேருங்கள். தனியுரிமைக் கொள்கையை ஆட்சென்ஸ் கட்டாயமாக எதிர்பார்க்கிறது. தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுளின் இலவசக் கருவியான சேர்ச் கன்சோலில் வலைப்பதிவைப் பதிவுசெய்து தள வரைபடத்தை (பக்கங்களின் பட்டியலை) சமர்ப்பித்தால், கட்டுரைகள் எந்தத் தேடலில் தோன்றுகின்றன என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

ஐந்தாம் படி: ஆட்சென்ஸில் இணைதல்

விண்ணப்பிப்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு கணக்குத்தான். விண்ணப்பம் ஏற்கப்பட்டு, வருமானம் 10 டொலரை எட்டியதும் ஆறு இலக்கங்கள் கொண்ட இரகசிய இலக்கம் ஒன்றைக் கூகுள் சாதாரணத் தபாலில் அனுப்பும். அதனால் முகவரியைக் கொழும்புத் தபால்காரருக்குப் புரியும்படி எழுதுவது முக்கியம்: அடுக்குமாடியாயின் மாடி இலக்கம், ஒழுங்கையின் பெயர், பிரதான வீதியின் பெயர், இறுதியில் அஞ்சல் குறியீடு. வெள்ளவத்தைக்கு அது 00600. இரகசிய இலக்கம் உருவாக்கப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் அதைக் கணக்கில் உள்ளிடாவிட்டால் விளம்பரங்கள் நின்றுவிடும். மூன்று வாரங்களாகியும் கடிதம் வராவிட்டால் இன்னொன்றை அனுப்பக் கேட்கலாம். அடுக்குமாடியின் காவலாளியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

உங்கள் விளம்பரத்தை நீங்களே அழுத்தக் கூடாது. பிறரை அழுத்தச் சொல்லவும் கூடாது. உதவி செய்யும் எண்ணத்தில் மாமாவும் மச்சாளும் கைப்பேசியில் அழுத்திக்கொண்டிருந்தால், கூகுள் அதை மோசடி அழுத்தமாகக் கருதிக் கணக்கையே மூடிவிடலாம். உறவினர் வட்டத்துக்கு இணைப்பை அனுப்பும்போதே இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

ஆறாம் படி: கணக்கைப் புரிந்துகொள்ளுதல்

ஒரு மாதத்தின் வருமானம் அடுத்த மாதத் தொடக்கத்தில் இறுதிசெய்யப்பட்டு, நிலுவை 100 டொலரைத் தாண்டியிருந்தால் அம்மாதம் 21 ஆம் திகதிக்கும் 26 ஆம் திகதிக்கும் இடையில் அனுப்பப்படும். தாண்டாவிட்டால் தொகை அழிவதில்லை. அடுத்த மாதத்தோடு சேரும். ஆயிரம் பார்வைக்கு அரை டொலர் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், மாதம் 100 டொலருக்கு இரண்டு இலட்சம் பார்வைகள் வேண்டும். ஐம்பது கட்டுரைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் மாதம் 4,000, அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 130 பார்வைகள். இந்தக் கணக்கைப் பார்த்த பின், தொடக்க மாதங்களில் கையிலிருக்கும் வேலையை விட்டுவிடும் எண்ணம் யாருக்கும் வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் இந்தக் கட்டுரைகள் தென்னம்பிள்ளை போன்றவை. காய்க்கத் தொடங்கிவிட்டால் சிறு பராமரிப்போடு தொடர்ந்து காய்க்கும். எனவே மாதத்தில் ஒரு வாரத்தைப் புதிய கட்டுரைக்குப் பதிலாகப் பழையவற்றைத் திருத்துவதற்கு ஒதுக்குங்கள். மாறிய கட்டணம், நேர அட்டவணை, படிவம் ஆகியவற்றைத் திருத்திச் சரிபார்த்த மாதத்தையும் புதுப்பியுங்கள். வாசகர் நம்பிக்கை இதில்தான் வளர்கிறது. அந்த நம்பிக்கை வேறு வேலையையும் கொண்டுவரும்: தமிழில் பிழையின்றித் தெளிவாக எழுதக்கூடியவரைத் தேடும் விளம்பர நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் கொழும்பில் பல உண்டு. அவர்களிடம் காட்ட உங்கள் வலைப்பதிவே சிறந்த சான்று.

ஏழாம் படி: வரி

வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நாணயத்தில் வங்கி ஊடாக வரும் சேவை வருமானத்துக்கு 2025 மார்ச் 31 வரை இருந்த விலக்கு நீங்கி, 2025 ஏப்ரல் 1 முதல் அதிகபட்சம் 15 சதவீத வரி நடைமுறைக்கு வந்துள்ளது. அதே நாளிலிருந்து தனிநபருக்கான ஆண்டு விடுவிப்பு (வரி விதிக்கப்படாத வருமானத் தொகை) 18 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. வரியாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிகிறது. ஆகவே முதற்பணம் வந்த நாளிலிருந்தே திகதி, டொலர் தொகை, அன்றைய மாற்று வீதம், ரூபாய் தொகை, வங்கிக் கட்டணம் ஆகியவற்றை ஒரே கோப்பில் பதிந்து, ஒவ்வொரு பணமாற்றுக்குமான வங்கிப் பற்றுச்சீட்டையும் அதனுடன் சேர்த்து வையுங்கள்.